அப்பாவை எரித்துவிட்டோம், எழும்புவாரா?

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். என் அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அம்மா போன பிறகு சென்னையில் என்னோடுதான் இருந்தார்கள். இரண்டு மாதத்துக்கு முன் தவறிவிட்டார்கள். "என்னைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு அலையாதே, இங்கேயே மின்மயானத்தில் கொடுத்துவிடு" என்று அவர்களே பலமுறை சொல்லியிருந்தபடி செய்தோம். அப்பாவின் அக்கா, என் அத்தை, ஊரிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாசலிலேயே நின்று, "எலும்புகூட மிச்சம் வைக்கலையே, எக்காளம் தொனிக்கும்போது என் தம்பி எதிலிருந்து எழும்புவான்?" என்று கேட்டார்கள். எசேக்கியேலில் உலர்ந்த எலும்புகள்தானே உயிரடைந்தன என்கிறார்கள். முப்பதாம் நாள் ஜெபத்துக்கும் வரவில்லை. சபையில் ஒருவர் "விசுவாசி இப்படி அழலாமா" என்கிறார். இன்னொருவர் "உடம்பு வெறும் கூடுதானே, விடுங்க" என்கிறார். அப்பாவின் வலது நடுவிரலில் பேனா பிடித்துப் பிடித்து ஒரு காய்ப்பு இருக்கும். அது எனக்கு வெறும் கூடாகத் தெரியவில்லை. இப்போது ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்ற இடம் வந்தால் என் வாய் நின்றுவிடுகிறது. சாம்பல் ஒரு ஸ்டீல் தூக்கில் அலமாரியில் இருக்கிறது. நான் தப்புப் பண்ணிவிட்டேனா?

- சென்னை வாசகி

சகோதரிக்கு,

தப்புப் பண்ணவில்லை. மீதி எல்லாவற்றையும் படித்து முடிக்கும்வரை நீங்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டாம் என்றுதான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

உங்கள் அத்தை கேட்டது லேசான கேள்வி இல்லை. கி.பி. 50-களில் கொரிந்து சபையிலும் யாரோ இதையே கேட்டிருக்கிறார்கள். "மரித்தோர் எப்படி எழுந்திருப்பார்கள், எப்படிப்பட்ட சரீரத்தோடே வருவார்கள்?" என்ற அந்தக் கேள்விக்கு, "புத்தியீனனே" என்று தொடங்கிப் பவுல் பதில் எழுதுகிறார். (அந்த முதல் வார்த்தையை அத்தையிடம் படித்துக் காட்டாதீர்கள்.) அதற்குப் பின்னால் வருகிறது: "நீ விதைக்கிற விதை செத்தாலொழிய உயிர்க்கமாட்டாதே."

நானும் பனங்காட்டு ஊர்க்காரன்தான். அத்தைக்கு இதை வைத்துச் சொன்னால் புரியும். பனங்கொட்டையைப் பாத்தி கட்டிப் புதைக்கிறோம். சில மாதம் கழித்துத் தோண்டினால் கீழே கிழங்கு இறங்கியிருக்கும். அந்தக் கொட்டையை அரிவாளால் இரண்டாக வெட்டினால், புதைத்தபோது இருந்த கட்டிப் பருப்பு இருக்காது, பஞ்சு மாதிரி இனிப்பாக ஒன்று இருக்கும். சின்ன வயதில் அதற்காகவே அடித்துக்கொள்வோம். கொட்டை மரமாகிறது என்றால், அந்தக் கொட்டையை ஒட்டவைத்துப் பெரிதாக்குவதில்லை. கொட்டை போய்விடுகிறது. ஆனால் வருவது தென்னையும் அல்ல, பனைதான். பவுல் சொல்வது இதுதான். செத்தவருக்கும் எழும்புகிறவருக்கும் நடுவே தொடர்பு உண்டு, அவரேதான் எழும்புகிறார். ஆனால் அந்தத் தொடர்பு மிச்சமிருக்கும் எலும்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை.

எசேக்கியேல் 37-க்கு வருகிறேன். அந்தத் தரிசனம் பாபிலோனுக்குச் சிறைபோன ஜனத்துக்குச் சொன்னது. "எங்கள் எலும்புகள் உலர்ந்துபோயிற்று, எங்கள் நம்பிக்கை அற்றுப்போயிற்று" என்று அவர்கள் புலம்பினார்கள். அதற்குத்தான் தேவன் எலும்புகளைக் காட்டுகிறார். இந்த எலும்புகள் இஸ்ரவேல் வம்சம் முழுவதும் என்று 11-ஆம் வசனத்திலேயே விளக்கமும் இருக்கிறது. நாடிழந்தவர்கள் மறுபடி நாடு திரும்புவதைப் பற்றிய பேச்சு அது. கல்லறையில் எவ்வளவு எலும்பு இருக்க வேண்டும் என்பதற்கான கணக்கு அங்கே இல்லை.

எலும்பு இருக்கும் என்று நம்புகிறவர்கள் ஒருமுறை குழிக்கரையில் நின்று பார்க்க வேண்டும். நான் ஆயராக இருந்த ஒரு சபையில், கணவரை அடக்கம் செய்த குடும்பக் கல்லறையை இருபத்திரண்டு வருடம் கழித்து மனைவிக்காகத் திறந்தார்கள். குழி வெட்டுகிறவர் மார்பளவு இறங்கியதும் கடப்பாரையை வைத்துவிட்டுக் கையால் மண்ணைத் தள்ள ஆரம்பித்தார். கிடைத்தது நான்கைந்து எலும்புத் துண்டு, பெட்டியின் துருப்பிடித்த ஒரு கைப்பிடி, சட்டைப் பொத்தான் இரண்டு. எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து குழியின் மூலையில் வைத்தார். மற்றபடி அந்த இடத்து மண் கொஞ்சம் கருத்திருந்தது, அவ்வளவுதான். மகன் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பின்னால் போய்விட்டான். மின்மயானத்தில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் நடப்பது அங்கே இருபது வருடத்தில் நடந்திருந்தது. அடக்க ஆராதனையில் நாங்கள் மூன்று பிடி மண் போடும்போது என்ன சொல்கிறோம்? மண்ணுக்கு மண், சாம்பலுக்குச் சாம்பல், தூளுக்குத் தூள். எரிக்காத உடலுக்கும் சாம்பல் என்றுதான் சொல்கிறோம்.

உங்கள் அத்தை சொன்னதையே ஒரு காலத்தில் சபையின் எதிரிகள் நம்பினார்கள் என்பது வேடிக்கை. கி.பி. 177-ல், இன்றைய பிரான்ஸில் உள்ள லியோன் நகரத்தில் கிறிஸ்தவர்களைப் பிடித்துக் கொன்றார்கள். தொண்ணூறு வயது தாண்டிய ஆயர் பொத்தினுஸ், பிளாந்தினா என்ற அடிமைப்பெண் எல்லாரும் அதில் அடக்கம். கொன்ற பிறகும் உடல்களைக் கொடுக்கவில்லை. ஆறு நாள் வெட்டவெளியில் போட்டு வைத்து, பிறகு எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் தள்ளிவிட்டார்கள். இவர்கள் எழும்புவோம் என்ற தைரியத்தில்தான் சாகிறார்கள், அந்த நம்பிக்கையையே இல்லாமல் செய்துவிடுவோம் என்பது அவர்கள் கணக்கு. உயிர் பிழைத்த சபையார் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அடக்கம் செய்ய முடியவில்லையே என்ற துக்கம் அதில் நிறைய இருக்கிறது. ஆனால் இனி எழும்பமாட்டார்களே என்ற பயம் ஒரு வரியில்கூட இல்லை.

பழைய ஏற்பாட்டிலும் ஒரு இடம் உண்டு, பிரசங்கங்களில் அதிகம் வருவதில்லை. சவுலும் அவர் குமாரரும் போரில் செத்தபோது, பெலிஸ்தியர் உடல்களைப் பெத்சான் மதிலில் தொங்கவிட்டார்கள். யாபேஸ் ஊர்க்காரர்கள் இரவெல்லாம் நடந்துபோய் உடல்களை எடுத்துவந்து, எரித்து, எலும்புகளை ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். தாவீது அவர்களைக் கண்டிக்கவில்லை, கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக என்று ஆள் அனுப்பிச் சொன்னார்.

2004 டிசம்பர் 26-ஐ நினைத்துப் பாருங்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியிலும் குளச்சலிலும் கடல் கொண்டுபோன எத்தனையோ பேருடைய உடல் கிடைக்கவே இல்லை. எலும்பு இருந்தால்தான் எழும்ப முடியும் என்றால் அந்தத் தாய்மாரிடம் நாம் என்ன சொல்வது? வெளிப்படுத்தின விசேஷத்தில், சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது என்று ஒரு வசனம் இருக்கிறது. கடற்கரைச் சபைகளில் அதை வாசிக்கும்போது யாரும் இருமுவதுகூட இல்லை.

சபைகளின் நிலையையும் சொல்லிவிடுகிறேன், அத்தை கேட்டால் உதவும். ரோமர் காலத்தில் மற்றவர்கள் பெரும்பாலும் எரித்தார்கள், கிறிஸ்தவர்கள் யூத வழக்கப்படி, இயேசுவை அடக்கம் செய்த முறைப்படி புதைத்தார்கள். அது நாளடைவில் நம் அடையாளமாகிவிட்டது. ஐரோப்பாவில் சிலர் உயிர்த்தெழுதலே பொய் என்று காட்டுவதற்காகவே எரிக்க ஆரம்பித்தபோது, 1886-ல் கத்தோலிக்க சபை அதைத் தடை செய்தது. 1963-ல் அந்தத் தடை நீங்கியது. புதைப்பதே மேல், ஆனால் விசுவாசத்தை மறுக்கும் நோக்கம் இல்லாவிட்டால் எரிப்பதும் பாவமில்லை என்பதுதான் இன்றைய நிலை. ஆங்கிலிக்கன் சபையின் கேன்டர்பரி பேராயர் வில்லியம் டெம்பிள் 1944-ல் இறந்தபோது அவர் உடலை எரித்து, சாம்பலைத்தான் கேன்டர்பரி பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். ஆர்த்தடாக்ஸ் சபைகள் பொதுவாக இன்றும் ஒத்துக்கொள்வதில்லை. நமக்குப் பக்கத்திலேயே, 2020 ஜூலையில் கேரளத்தின் ஆலப்புழை லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டத்தில், நீர் ஊறும் மண்ணில் ஆழமாகக் குழி வெட்ட முடியாததால், கொரோனாவில் இறந்தவர்களைக் கோயில் வளாகத்திலேயே எரித்து, சாம்பலைக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். ஆயரே அனுமதி கொடுத்தார்.

இதெல்லாம் வாதம். உங்களுக்கு நான் சொல்ல ஆசைப்படுவது வேறொரு அம்மாவின் கதை.

கி.பி. 387. ரோமுக்குப் பக்கத்துத் துறைமுகமான ஓஸ்தியாவில் மோனிக்கா காய்ச்சலில் படுத்திருக்கிறார். ஐம்பத்தாறு வயது. சொந்த ஊர் ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் தகாஸ்தே. அங்கே கணவர் பத்ரீசியஸின் பக்கத்தில் தனக்கென்று ஒரு இடத்தை எப்போதோ தயார் பண்ணி வைத்திருந்தார். சாகும்போது அவர் பக்கத்திலேயே கிடக்க வேண்டும் என்பது பல வருட ஆசை. கப்பலுக்குக் காத்திருக்கும்போது படுத்துவிட்டார். பக்கத்தில் இரண்டு மகன்கள். ஒருவர், பின்னால் சபையின் பெரிய ஆசிரியரான அகுஸ்தீன், பேசாமல் நிற்கிறார். இன்னொரு மகன், "அம்மா, அந்நிய தேசத்தில் வேண்டாம், நம்ம ஊரில்தான்" என்கிற மாதிரி ஏதோ சொல்கிறார். உங்கள் அத்தை பேசியது போலத்தான். மோனிக்கா அவரை முறைத்துப் பார்த்துவிட்டு, "இவன் என்ன பேசுகிறான் பார்" என்கிறார். பிறகு இருவரையும் பார்த்து, இந்த உடம்பை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், எங்கே இருந்தாலும் கர்த்தருடைய பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும் என்கிறார்.

சில நாள் முன்பு அகுஸ்தீனின் நண்பர்கள் மோனிக்காவிடம், ஊரை விட்டு இவ்வளவு தூரத்தில் உடலை விட்டுவிட்டுப் போக உங்களுக்குப் பயமில்லையா என்று கேட்டிருக்கிறார்கள். "கடவுளுக்கு எதுவும் தூரமில்லை. உலகத்தின் முடிவில் என்னை எங்கிருந்து எழுப்புவது என்று அவருக்குத் தெரியாமல் போய்விடுமோ என்று நான் பயப்படத் தேவையில்லை" என்று பதில் சொல்லியிருக்கிறார். உங்கள் அத்தை கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. எதிலிருந்து எழும்புவான் என்று அத்தை கேட்டார்கள். யார் எழுப்புவார் என்பதில்தான் மோனிக்காவின் கண் இருந்தது.

அதன் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். மோனிக்காவை ஓஸ்தியாவிலேயே அடக்கம் செய்தார்கள். 1430-ல் எலும்புகளை எடுத்து ரோமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 1945-ல் ஓஸ்தியாவில் இரண்டு பையன்கள் விளையாட்டுக்குக் கம்பம் நட ஒரு குழி தோண்டினார்கள். மோனிக்காவின் கல்லறை வாசகம் எழுதிய சலவைக்கல் துண்டு அதில் கிடைத்தது. எங்கே வேண்டுமானாலும் போடுங்கள் என்று சொன்ன அம்மாவுக்கு அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அழுகையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மோனிக்காவின் உயிர் போனதும் அகுஸ்தீனின் மகன் வாய்விட்டு அழுதான், பெரியவர்கள் அவனை அடக்கினார்கள். அகுஸ்தீன் கல் மாதிரி நின்றார், அடக்கத்துக்குப் போய் அழாமலே திரும்பினார், குளித்தால் துக்கம் போகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் குளித்தும் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தனியாகப் படுத்திருந்தபோது உடைந்து அழுதார். என் அம்மாவுக்காக ஒரு மணி நேரம்கூட ஆகாத நேரத்துக்கு நான் அழுதேன், இதற்காக என்னை ஏளனம் செய்கிறவர் செய்யட்டும் என்கிற தோரணையில் அவரே அதை எழுதியும் வைத்தார். இயேசுவும் லாசருவின் கல்லறைக்கு முன் கண்ணீர் விட்டார், இன்னும் சில நிமிஷத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும். மரணத்தை வேதம் நம்முடைய நண்பன் என்று எங்கும் சொல்லவில்லை. கடைசிச் சத்துரு என்கிறது. சத்துரு வீட்டுக்குள் வந்து ஆளைக் கொண்டுபோனால் அழத்தான் செய்வோம். நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்காதீர்கள் என்றுதான் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். துக்கிக்கவே கூடாது என்று எழுதவில்லை. உங்களைக் கண்டித்தவர் வசனத்தில் பாதியை விழுங்கிவிட்டார்.

சரி, "வெறும் கூடு" என்று சொன்னவரிடம் வருகிறேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அத்தையைவிட இவரிடம்தான் சண்டை அதிகம்.

முட்டை ஓட்டை விட்டுப் பறவை பறந்துபோவது போலத்தான் உடம்புக்கும் உயிருக்கும் உள்ள நட்பு என்று வள்ளுவர் சொன்ன உவமை நம் எல்லார் மனதிலும் ஊறிக்கிடக்கிறது. அழகான உவமை. ஆனால் விசுவாசப் பிரமாணம் சொல்வது அது அல்ல. ஆத்துமா பறந்துபோகும் என்பதை நம்ப நமக்கு இயேசு உயிர்த்தெழுந்திருக்கவே தேவையில்லை, உலகத்தில் பாதிப் பேர் ஏற்கெனவே நம்புகிறார்கள். ஏதென்ஸில் பவுல் பேசியபோது, மரித்தோரின் உயிர்த்தெழுதல் என்ற இடம் வரும்வரை எல்லாரும் அமைதியாகத்தான் கேட்டார்கள். அதைச் சொன்னதும் சிலர் சிரித்தார்கள். உடம்பு ஒரு சிறை, அதிலிருந்து விடுதலைதான் சாவு என்ற பேச்சு ஊறிய ஊர் அது. போன சிறைக்கு எவனாவது திரும்புவானா என்று சிரித்திருப்பார்கள். சபை அந்தச் சிரிப்பைத் தாங்கிக்கொண்டு "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்ற வார்த்தையை விடாமல் வைத்திருக்கிறது.

உங்கள் அத்தை எலும்பைப் பற்றித் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம். ஆனால் தம்பி என்றால் தம்பியின் உடம்பும் சேர்த்துத்தான் என்று பிடிவாதமாக நிற்கிறார்களே, அது சரி. "கூடு" என்று சொன்னவர் ஆறுதலாகப் பேசினாலும் பிரமாணத்தை விட்டு விலகி நிற்கிறார். அத்தை வாசலில் நின்று சத்தம் போட்டாலும் பிரமாணத்துக்குள்ளேதான் நிற்கிறார்கள்.

எழும்பும் உடம்பு எப்படி இருக்கும்? ஒரே ஒரு சாட்சிதான் நமக்கு இருக்கிறது, அதைத் தாண்டிப் பேசுவது யூகம். லாசருவுக்குக் கிடைத்தது பழைய உயிர். அவருக்குப் பின்னால் இரண்டாவது சாவும் இரண்டாவது அடக்கமும் இருந்திருக்கும். இயேசுவுக்கு நடந்தது வேறு. கதவு பூட்டியிருந்த வீட்டுக்குள் வந்து நிற்கிறார், ஆனால் பொரித்த மீனை வாங்கி அவர்கள் முன்னாலேயே சாப்பிடுகிறார். எம்மாவூருக்கு நடந்த இரண்டு பேர் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. மகதலேனா மரியாள் தோட்டக்காரர் என்று நினைத்தாள், "மரியாளே" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதும்தான் தெரிந்தது. தோமாவுக்குக் கையை நீட்டிக் காட்டும்போது ஆணி அடித்த இடம் அப்படியே இருந்தது. மரணத்தை ஜெயித்த உடம்பில் தழும்பு எதற்கு? ஏன் அதை அழித்துவிடவில்லை? நாற்பது வருடமாக இந்தப் பகுதியைப் பிரசங்கித்திருக்கிறேன், இந்த இடத்தில் இன்னும் நிற்பேன். உங்கள் அப்பாவின் நடுவிரல் காய்ப்பு அங்கே இருக்குமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அதை வெறும் கூடு என்று ஒதுக்க உங்களுக்கு மனம் வரவில்லையே, அந்தத் தழும்பைப் பார்த்த பிறகு எனக்கும் வரவில்லை.

இப்போது அப்பா எங்கே இருக்கிறார் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ராத்திரியில் அதுவும் வரும். இதில் சபைகள் ஒத்துப்போவதில்லை. கத்தோலிக்கர் உத்தரிக்கிற ஸ்தலத்தை, அதாவது பரலோகம் போகுமுன் ஆத்துமா சுத்தமாகும் நிலையைச் சொல்வார்கள், அட்வெண்டிஸ்டுகள் கடைசிநாள் வரை நித்திரை என்பார்கள். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று சிலுவையில் பக்கத்தில் தொங்கியவனிடம் சொன்னது எனக்குப் போதுமானதாக இருக்கிறது. அதற்கு மேல் வரைபடம் போட நான் முயல்வதில்லை.

சாம்பல் விஷயம். அலமாரியில் வைத்திருக்க வேண்டாம். பாவம் என்பதற்காகச் சொல்லவில்லை, அந்த அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் உங்களுக்கு அது பாரமாக இருக்கும். கத்தோலிக்க சபை 2016-ல் கொடுத்த அறிவுரையும் வீட்டில் வைக்க வேண்டாம், காற்றிலோ கடலிலோ தூவ வேண்டாம், பரிசுத்தமான இடத்தில் அடக்கம் செய்யுங்கள் என்றது. நம் சபைக்கு அது சட்டமில்லை என்றாலும் நல்ல யோசனை. ஊரில் அம்மாவின் கல்லறை இருக்கிறது அல்லவா, அதன் பக்கத்தில் வையுங்கள். அந்த ஊர்ச் சபையைக் கவனிக்கும் ஆயரான சேகரகுருவிடம் முன்கூட்டிப் பேசுங்கள், சேகரக் கமிட்டியின் அனுமதி தேவைப்படும், சில இடங்களில் யாராவது முனகுவார்கள். மின்மயானத்தில் கொடுத்த ரசீதையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்துப் போங்கள். குழி இரண்டடி போதும்.

தூக்கோடு புதைக்க வேண்டாம். ஒரு மண்பானைக்கு மாற்றுங்கள், வாயை வெள்ளைத் துணியால் கட்டுங்கள். அப்புறம் அத்தையை நீங்களே நேரில் போய்க் கூப்பிடுங்கள், போனில் வேண்டாம். அவர்களுடைய கோபத்தில் பாதி தம்பியின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியவில்லையே என்பதுதான் என்று நினைக்கிறேன், உபதேசம் மீதிப் பாதி. முதல் பிடி மண்ணை அவர்கள் போடட்டும். அன்றைக்கு 1 கொரிந்தியர் 15-ஐ 35-ஆம் வசனத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். குரு கேட்டால் "புத்தியீனனே" என்பதையும் சேர்த்தே வாசிக்கட்டும், வேதத்தில் உள்ளதுதானே.

விசுவாசப் பிரமாணத்தில் அந்த இடம் வரும்போது வாய் நின்றால் நிற்கட்டும், கட்டாயப்படுத்திச் சொல்லாதீர்கள். அந்த நேரம் உங்கள் முன்வரிசையிலும் பின்வரிசையிலும் எத்தனையோ பேர் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள், அவர்களிலும் சிலர் இப்படி நின்றுபோனவர்கள்தான். அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நில்லுங்கள்.

ஊருக்குப் போகும் தேதி முடிவானதும் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். மழைக்காலத்துக்கு முன் என்றால் நல்லது, அந்தப் பக்கத்து மண் நனைந்துவிட்டால் வெட்டுவது சிரமம்.